ஜோதிலிங்கம் சொல்லாமல் சொன்னது

டெல்லி கிட்வாய் நகரில் ஜோதிலிங்கத்தை எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. நெஞ்சு நோய் கிளினிக்கில் நோயாளிகளின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கிருமி இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கொடுக்கிற லேப் டெக்னீஷியன். ஆனால் காலையில் பால் பூத் வரிசையில் நிற்கும்போது, "என்ன டாக்டர், ரெண்டு நாளா இடுப்பு பிடிச்சிருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால், நான் டாக்டர் இல்லைங்க என்று அவர் மறுத்ததை ஒருவரும் கேட்டதில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க என்று சொல்லிவிட்டுப் பால் பாட்டில்களை வாங்கிக்கொண்டு நடப்பார். அன்று முழுவதும் அந்த நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

அதற்காக அவரை வெறும் பந்தாப் பேர்வழி என்று தள்ளிவிட முடியாது. வேலையில் கெட்டிக்காரர். திண்டுக்கல்லில் படிப்பை முடித்து, மத்திய சர்க்கார் வேலை என்றதும் ஒரு கம்பளிச் சட்டைகூட இல்லாமல் ரயிலேறி வந்தவர். லேப்பில் மற்றவர்களுக்குக் குமட்டல், பயம், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற சந்தேகம். இவருக்கு அதெல்லாம் கிடையாது. சாயம் ஏற்றிய நீலத் தரையில் கிருமிகள் மெல்லிய சிவப்புக் கீறல்களாகத் தெரிகின்றனவா என்பது ஒன்றுதான் கவலை. தெரியாவிட்டால் இன்னொரு தடவை தேடுவார். ஜோதிலிங்கம் இல்லை என்று எழுதினால் இல்லைதான் என்று கிளினிக் டாக்டர் மாத்தூர் அம்மாளே சொல்வார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்கு உத்தரவும் கிடையாது, சம்பளமும் கிடையாது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சேலத்துப் பக்கமிருந்தும் தென்னாற்காட்டிலிருந்தும் வந்த ஜனங்கள் டெல்லிச் சாக்கடைக் கால்வாய்களின் ஓரத்தில் குடிசை போட்டிருந்த காலம் அது. இருமிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிற அவர்களுக்கு இந்தி வராது. டாக்டர் மாத்தூருக்குத் தமிழ் வராது. ஜோதிலிங்கத்தைக் கூப்பிடு என்பார் டாக்டர். இவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து நடுவில் நிற்பார். ரத்தம் எப்போதிலிருந்து வருகிறது, புருஷனுக்கு இருமல் உண்டா, குடிசையில் எத்தனை பேர் ஒன்றாகப் படுக்கிறீர்கள், எல்லாம் அவர் காது வழியாகத்தான் போக வேண்டும். போனது அங்கேயே நின்றது. வீட்டில் மனைவி இந்திராணி எவ்வளவு துருவினாலும் ஒரு பெயர் வெளியே வராது. "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று அவள் சலித்துக்கொள்வாள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு மழைக்காலத்தில் ஆராயி லேப் ஜன்னலுக்கு வந்து நின்றாள். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆராயி கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு கிட்வாய் நகரில் ஐந்து தமிழ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துப் பிழைப்பவள். அந்த ஐந்தில் ஒன்று ஜோதிலிங்கத்தின் வீடு.

"அய்யா, நீங்களா இங்க இருக்கீங்க?" என்றாள். அவள் முகம் வெளிறிவிட்டது. "ஊட்டுல அம்மாகிட்ட சொல்லிப்புடாதீங்க. ஒரு ஊடு தெரிஞ்சா அஞ்சு ஊடும் போயிடும்."

"இங்க பார்த்தது இங்கயே கழுவிட்டுப் போறவன் நான். நீ பயப்படாத," என்றார் ஜோதிலிங்கம். சத்தியமாகத்தான் சொன்னார்.

அவள் சளியில் சிவப்புக் கீறல்கள் நிறையவே இருந்தன. தினம் ஊசி, பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை. ஊசி போட்டு, சளியில் கிருமி இல்லை என்று தெரிகிற வரைக்கும் வீடுகளுக்கு வேலைக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். அதை ஆராயி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டு, பக்கத்துக் குடிசைப் பாப்பம்மாளைத் தன் இடத்தில் நிறுத்தினாள். பாப்பம்மாள் ஐந்து வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஆராயிக்கும் சேர்த்துச் சோறு பொங்கினாள். மழையெல்லாம் ஓய்ந்தபின் எடுத்த சளியில் ஒரு கீறலும் இல்லை. ஜோதிலிங்கம் தகட்டை இரண்டாம் முறையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். பாப்பம்மாள் அத்தனை வீட்டையும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். ஆராயி மறுபடியும் வேலைக்கு வந்தாள். இந்திராணியின் பாத்திரங்களைத் தேய்த்தாள். ஜோதிலிங்கம் நிம்மதியாக அந்தத் தட்டில் சாப்பிட்டார், ஏனென்றால் அவருக்குத் தெரியும்.

குளிர் வந்தது. ஐந்து வீடுகளில் பெரிய வீடு ராஜகோபாலனுடையது. அவர் ஒரு அமைச்சகத்தில் அண்டர் செகரட்டரி. அவருடைய மகளுக்கு அங்கே பிரசவம் ஆகியிருந்தது. குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஆராயியைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராஜகோபாலனின் மனைவி சுந்தரவல்லி, டாக்டரைக் கொஞ்சம் வந்துவிட்டுப் போகச் சொல்லு என்று ஆள் அனுப்பினாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி ஜோதிலிங்கம் உள்ளே போனதில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

"வாங்கோ டாக்டர், உக்காருங்கோ," என்றாள் சுந்தரவல்லி. சோபாவில் உட்கார வைத்தாள். கள்ளிச்சொட்டாகக் காப்பி வந்தது. எதிரில் ராஜகோபாலன் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு, "ஹலோ டாக்டர்" என்றார். பால் பூத்தில் நாலு பேர் கூப்பிடுவது வேறு. ஒரு அண்டர் செகரட்டரி கூப்பிடுவது வேறு. ஜோதிலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒண்ணுமில்லை, நம்ம ஆராயி உங்க கிளினிக்லேருந்து வரதை எங்க டிரைவர் பாத்தானாம். அப்பப்போ ஏதோ மாத்திரையும் போட்டுக்கறா. மார்ல ஏதாவது கோளாறா? பச்சைக் குழந்தை இருக்கற வீடு, அதான் கேக்கறேன்."

அப்போது சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. எனக்குத் தெரியாதம்மா என்று சொல்லியிருக்கலாம். கிளினிக் விஷயம் வெளியே பேசக் கூடாதம்மா, அவளையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கு ஆராயியால் இனி ஒரு ஆபத்தும் இல்லை என்பது உலகத்திலேயே யாருக்காவது நிச்சயமாகத் தெரியும் என்றால் அது இவருக்குத்தான். ஆனால் எதிரே இரண்டு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பார்வை போய்விடும். காப்பியும் முடிந்துவிடும்.

ஜோதிலிங்கம் ஒரு மிடறு குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. ஆனா குழந்தைய மட்டும் கொஞ்ச நாளைக்கு அவ கையில கொடுக்காம இருந்தா நல்லது."

சுந்தரவல்லி மார்பில் கையை வைத்துக்கொண்டாள். ராஜகோபாலன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தேங்க் யூ டாக்டர்" என்று வாசல் வரைக்கும் கூட வந்தார். வியாதியின் பெயரை நான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டே ஜோதிலிங்கம் படியிறங்கினார். பூட்டிய வாயோடு போய், பூட்டிய வாயோடு திரும்புவதாக அவருக்கு எண்ணம். மனுஷனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்வதில்தான் எத்தனை சாமர்த்தியம்.

டெல்லிக் குளிரில் காலனிப் பெண்கள் பகலில் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். புல்தரையில் பாயைப் போட்டு, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவார்கள். வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே பேசுவார்கள். மறுநாள் சுந்தரவல்லி அங்கே போய் உட்கார்ந்தாள். நம்ம டாக்டரே சொன்னார் என்றுதான் ஆரம்பித்திருப்பாள். சாயங்காலம் ஜோதிலிங்கம் சைக்கிளைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறையில் அத்தனை பாத்திரமும் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தது. ஆராயி டீ குடிக்கிற டம்ளர் குப்பைத் தொட்டியில் கிடந்தது.

"அவளை நிறுத்திட்டேன்," என்றாள் இந்திராணி. "எல்லா வீட்டுலயும் நிறுத்தியாச்சு. ஊருக்கெல்லாம் போய்ச் சொல்றீங்க, கட்டினவகிட்ட சொல்ல வாய் வரலையா? அவ தேச்ச தட்டுலதானே நம்ம பொண்ணு சாப்பிடுறா?"

"அவளுக்கு இப்ப ஒண்ணும் இல்ல இந்திராணி. நானே பார்த்தேன். கிருமி சுத்தமா இல்ல."

இந்திராணி திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்ப அங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஜோதிலிங்கத்துக்குப் பதில் தெரியும். போய் முகம் கழுவினார். துண்டால் துடைத்த பிறகும் முகம் சுடுவது நிற்கவில்லை.

அடுத்த மாத்திரைக்கு வரவேண்டிய நாளில் ஆராயி வந்தாள். டாக்டர் அறைக்குப் போகவில்லை, நேரே லேப் ஜன்னலுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேங்க. இனிமே நான் இங்க வர மாட்டேன். மாத்திரையும் வேணாம். இங்க வந்ததாலதான எல்லாம் தெரிஞ்சிபோச்சி."

"யாரு சொன்னாங்கன்னு..." ஜோதிலிங்கம் ஆரம்பித்தார்.

"வேற யாரு? அந்தப் பாப்பம்மாதான். எனக்கு பதுலு ரெண்டு மாசம் ஊட்டு வேல செஞ்சா இல்ல, ருசி கண்டுகிட்டா. என்னய நிறுத்தினதும் மூணு ஊட்டுல அவளத்தான் கூப்புட்டாங்க. கொழாயடியில எல்லாரும் பாக்க அவ மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்துட்டேன்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இந்த ஊர்ல வாயக் கட்டி வச்சிருந்தது நீங்க ஒருத்தருதான் அய்யா. கட்டின பொண்டாட்டிகிட்டகூட சொல்லல இல்ல நீங்க. நிறுத்தறப்ப அம்மாவே, எங்கிட்டகூட அவரு ஒரு வார்த்த சொல்லலன்னு கத்துனாங்க."

அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு போட்டபோது அவர் கையில் ஒரு தகடு இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் என்று சொல்ல ஒரே வார்த்தை. ஜோதிலிங்கம் சொன்னது வேறு. "மாத்திரைய மட்டும் நிறுத்தாத ஆராயி," என்றார். அவள் போய்விட்டாள். வாழ்க்கையில் அவர் இவ்வளவு அசிங்கமாக உணர்ந்ததில்லை. இருமித் துப்பிய சளியைத் தினம் தொடுகிற கை அவருடையது. அதெல்லாம் அசிங்கமாகத் தெரிந்ததில்லை.

அன்று மத்தியானம் டாக்டர் மாத்தூரிடம் போனார். எங்கள் காலனியில் ஒருத்தர் இப்படிச் செய்துவிட்டார் என்று ஆரம்பித்தார். நரைத்த தலையைச் சாய்த்து டாக்டர் முழுவதும் கேட்டார்.

"அந்த ஒருத்தர் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறாரா?" என்றார் இந்தியில்.

ஜோதிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"குழந்தை இருக்கிற வீடு என்று உனக்குப் பயம் இருந்திருந்தால் அதற்கு வழி இருந்தது. அவளைக் கேட்டாயா? சொல்லட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?"

"இல்லை டாக்டர் சாப்."

"பயமாவது இருந்ததா?"

அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் ஆராயியின் கேஸ் காகிதத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, அவள் மாத்திரையை நடுவில் நிறுத்தினால் வியாதி திரும்பும், திரும்பி வந்தால் இந்த மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம் என்றார். அது ஜோதிலிங்கத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல. அப்படித் திரும்பி வந்தவர்களின் தகடுகளை அவர் பார்த்திருக்கிறார். அவர்களில் பலர் அப்புறம் வரவில்லை.

இருந்தும் அவர் முதலில் சுலபமான வழியைத்தான் தேடினார். ராஜகோபாலன் வீட்டுக்குப் போய், ஆராயிக்கு முழுசாகக் குணமாகிவிட்டது, தாராளமாக வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். இந்த முறை சோபா இல்லை. சுந்தரவல்லி வலைக் கதவைத் திறக்காமலே பேசினாள்.

"அன்னிக்கு ஒண்ணு சொல்றேள், இன்னிக்கு ஒண்ணு சொல்றேள். உங்காத்துலயே அவளை நிறுத்திட்டாளாமே? முதல்ல நீங்க வெச்சுக்கோங்கோ. அப்பறம் நாங்க பாக்கறோம்."

டாக்டர் என்ற வார்த்தை அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. அதைக்கூடக் கவனித்தோமே என்று நினைத்தபோது ஜோதிலிங்கத்துக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிளைக் கால்வாய்க்கரைப் பக்கம் திருப்பினார்.

ஆராயி குடிசை வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பதறி எழுந்து, உட்கார ஒரு சாக்கை உதறிப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பாப்பம்மா சொல்லல ஆராயி. நான்தான் சொன்னேன். ராஜகோபாலன் சார் வீட்டுல."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடியும் சொன்னார். கிருமி இல்லை என்று தெரிந்தும் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆராயி முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கல் பொறுக்கிய அரிசியைப் பானையில் கொட்டி, மூடினாள்.

"அன்னிக்கு ஜன்னலாண்ட நான் கும்புட்டேனே, அப்பவும் கம்முனுதான நின்னீங்க."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லி என்னாங்க ஆவப்போவுது? பாப்பம்மா எனக்குச் சோறு போட்டவ. கொழாயடியில இருக்கா. அவகிட்ட போய்ச் சொல்லுங்க. நான் துப்பினப்ப யாரு யாரு இருந்தாங்களோ அத்தன பேரும் அங்கதான் இருப்பாங்க."

குழாயடியில் குடங்களோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பலருக்கு ஜோதிலிங்கத்தைத் தெரியும். நம்ம கிளினிக் பாபு வந்திருக்காரு என்று வழி விட்டார்கள். கிளினிக்கில் இவர்களில் யார் யாருடைய சளியைப் பார்த்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். தங்கள் விஷயமும் இவரோடு இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். அந்த முகங்களுக்கு நடுவில் நின்று அவர் பாப்பம்மாளிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் குழாயை மூடவில்லை.

பாப்பம்மாள் இடுப்பில் இருந்த குடத்தை இறக்கினாள். "ஏன் சொன்னீங்க?"

இந்திராணி கேட்ட அதே கேள்வி. இந்த முறை முகம் கழுவப் போக அவருக்கு இடமில்லை.

"ஒக்கார வச்சுக் காப்பி குடுத்தாங்க," என்றார் ஜோதிலிங்கம். "டாக்டர்னு கூப்பிட்டாங்க."

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். வேறு ஒருவரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு காப்பிக்கா?" என்றாள் பாப்பம்மாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. நம்பமுடியாமல்தான் கேட்டாள். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஆராயியின் குடிசைப் பக்கம் நடந்தாள்.

ஆராயி மாத்திரையை நிறுத்தவில்லை. ஒரு வாரம் தள்ளி கிளினிக்குக்கு வந்தாள், பாப்பம்மாளும் கூட வந்தாள். இந்திராணி நடந்ததையெல்லாம் புருஷன் வாயாலேயே கேட்டு, ஆராயியை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். புது டம்ளரும் வாங்கி வைத்தாள். ஆராயி வரவில்லை. அவளும் பாப்பம்மாளும் சேர்ந்து மோதி பாக் காலனியில் வேறு வீடுகள் பிடித்துக்கொண்டார்கள். தினம் அவ்வளவு தூரம் நடந்து போனார்கள். கால்வாய்க்கரை ஜனங்கள் இருமலோடு கிளினிக்குக்கு வருவது குறைந்து போனது. வந்தவர்களும் ஜோதிலிங்கத்தைக் கண்டதும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். அவர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. பால் பூத்தில் யாராவது டாக்டர் என்றால், நான் சளி பார்க்கிறவன், டாக்டர் இல்லை என்று சொல்லிவிடுவார். டாக்டருக்கு என்ன அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் மெச்சினார்கள். அப்போதெல்லாம் அவருக்குக் கூசியது.

அந்த வருஷம் முழுவதும் ஆராயி தவறாமல் வந்தாள். அவள் வந்திருக்கிறாள் என்றால் டாக்டர் மாத்தூர் வழக்கப்படி ஜோதிலிங்கத்தைக் கூப்பிடுவார். இவர் கையைக் கழுவிக்கொண்டு கதவு வரைக்கும் வருவார். ஆராயி அவரைப் பார்க்க மாட்டாள். வேண்டாம் என்று டாக்டரிடம் கையை ஆட்டுவாள். அவளுக்கு அப்போது இந்தியில் பத்து வார்த்தைகூட வராது. அந்தப் பத்தையும் கோத்து, மார்பைத் தொட்டுக் காட்டி, விரலை மடக்கிக் காட்டிப் பேசுவாள். பசியைச் சொல்லத் தெரியாமல் வயிற்றைத் தட்டுவாள். நடுவில் தடுமாறித் தமிழில் ஏதாவது வாய்க்கு வந்தாலும் அதை விழுங்கிவிட்டு மறுபடியும் இந்தியில் தேடுவாள். டாக்டரும் புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஜோதிலிங்கத்துக்கு அவள் சொல்ல வந்தது முழுவதும் புரியும். உள்ளே போக அவருக்கு உரிமை இல்லை.

கடைசியாக எடுத்த சளியையும் அவர்தான் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் தேடினார். ஒன்றும் இல்லை. ஜன்னலில் காகிதத்தை நீட்டியபோது, "சுத்தமா குணமாயிடுச்சு ஆராயி" என்று தமிழில் சொன்னார். அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு, டெல்லியில் முன்பின் தெரியாதவர்களையும் அண்ணா என்கிற மாதிரி இந்தியில், "அச்சா, பையா" என்றாள். பாப்பம்மாளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.